வேலைக்கான பை ரயிலுக்கும் மழைக்கும் தாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிப் படிப்பை முடித்து மும்பையில் பணியில் சேரும் நம் பிள்ளைகளில் பலர் ஜூன், ஜூலை மாதங்களில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். இங்கு மழைக்காலம் பிறப்பதும் அப்போதே. உடைக்கும் காலணிக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிடும் குடும்பங்கள்கூட, நாள்தோறும் தோளில் ஏறப்போகும் பையைக் கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததே போதும் என்று வாங்கிவிடுகின்றன. டோம்பிவிலியிலிருந்து தென் மும்பைக்கு நெடுங்காலமாக மின்சார ரயிலில் வேலைக்குச் சென்று வருபவள் என்ற முறையில், பை வாங்குவோர் ரயில் நெரிசலையும் மழையையும் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நெரிசல் நேரத்தில் முதுகில் பருத்து நிற்கும் பை, பின்னால் நிற்பவருக்கு மூச்சு முட்டச் செய்கிறது. அதனால்தான் பழகிய பயணிகள் வண்டி வரும் முன்பே பையை மார்புப் பக்கம் திருப்பி மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா நிலையம் அருகே எதிரெதிராகச் சென்ற இரு ரயில்களிலிருந்து பயணிகள் விழுந்து உயிரிழந்தபோது, வாசலில் தொங்கியவர்களின் பைகள் ஒன்றோடொன்று உரசியதாக ரயில்வே தரப்பில் முதலில் கூறப்பட்டது. அந்த விபத்துக்கு யார் பொறுப்பு என்ற விவாதம் தனி; தண்டவாளப் பராமரிப்பு குறித்த கேள்விகளும் பின்னர் எழுந்தன. ஆயினும் பையின் பருமன் உயிரோடு தொடர்புடையது என்பதை எங்கள் தடத்தில் பயணம் செய்யும் எவரும் மறக்க முடியாது. ஒரு மடிக்கணினி, டப்பா, தண்ணீர் பாட்டில், குடை ஆகியவற்றுக்கு 20 லிட்டர் அளவுள்ள ஒடுக்கமான பை தாராளமாகப் போதும். வார்களின் மிச்ச முனைகள் தொங்காமல் சுருட்டிக் கட்ட வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பெண்களாகிய நமக்குத் துப்பட்டா ஜிப்பில் மாட்டிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. ஜிப்பை மூடும் துணி மடிப்பு உள்ள பையில் அது குறைவு.

எடையைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. அதே கணக்கைப் பெரியவர்களுக்கும் வைத்துப் பார்த்தால், 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 கிலோதான் எல்லை. மடிக்கணினி ஒன்றரை முதல் இரண்டு கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதன் மேல் சார்ஜர், சாப்பாடு, குடை என்று சேரும்போது, வெறும் பையே இரண்டு கிலோ கனத்தால் என்ன மிஞ்சும்? அத்தனையும் ஒரே தோளில் தொங்கினால் கழுத்தும் நடு முதுகும் படும் பாட்டை என் சக ஊழியர்கள் பலரிடம் கண்டிருக்கிறேன். மடிக்கணினி சுமப்பவர்கள், சேலை உடுத்துபவர்கள் உட்பட, இரு தோள் வார் உள்ள பைக்கு மாறிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தோல் போலவே தோன்றும் ரெக்சின், பியூ (பாலியூரிதேன்) வகைப் பைகளே சந்தையில் மலிவு. ஆனால் பாலியூரிதேன் பூச்சு காற்றின் ஈரத்தோடு வேதிவினை புரிந்து சிதைவது. இரண்டொரு மழைக்காலத்துக்குள் செதில் செதிலாக உரிந்து, சட்டையிலெல்லாம் கரும்பொடி ஒட்டும். அதைவிட, உட்புறம் நீர்காப்புப் பூச்சுள்ள நெருக்கமான நைலான் அல்லது பாலியஸ்டர் பை பல ஆண்டுகள் உழைக்கும். மழை உறையும் உடன் இருந்தால் கவலையில்லை. துணியைவிட முதலில் கெடுவது ஜிப்தான். ஜிப்பின் இழுப்பானுக்குப் பின்னால் பெரும்பாலும் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் கூடக் கூடப் பற்களின் அகலமும் கூடும். பெரிய அறைக்கு 8க்குக் குறையாதது வேண்டும். வார் பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டித் தையல் போட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்க்கலாம். ஒற்றைத் தையல் என்றால் வாங்க வேண்டாம்.

அசல் தோல்தான் வேண்டும் என்பவர்கள் தாராவிக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் வேரூன்றச் செய்த தோல் தொழில் அது. பதனிடும் வேலை அங்கு பெரும்பாலும் நின்றுபோய்விட்டாலும், பதனிட்ட தோலைத் தைக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. நம் மொழியிலேயே பேசி, மடிக்கணினியின் அளவைக் காட்டி, வேண்டிய அறைகளைச் சொல்லித் தைத்து வாங்கலாம். வார் அறுந்தால் அங்கேயே பழுதும் பார்க்கலாம். தோலின் வெட்டு முனையையும் உட்புறத்தையும் பார்த்தால் நார் நாராகத் தெரியும். துணி தெரிந்தால் அது அசல் தோல் அன்று. நனைந்த தோல் பையை வெயிலில் காய வைக்கலாகாது. துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, கறுப்போ கருநீலமோ ஒரே நிறத்தில், பெரிய எழுத்துகள் இல்லாமல், கூட்ட அறையில் நாற்காலிக்குப் பக்கத்தில் சாயாமல் நிற்கும் பையாக இருந்தால் எந்த அலுவலகத்துக்கும் அது பொருந்தும்.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிதாகச் சேருவோருக்குப் பல நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த பையை வழங்குகின்றன. முதல் மழையிலேயே ஜிப் மக்கர் செய்யும் பைகளை மொத்தமாக வாங்குவதற்குப் பதில், அதே தொகையில் ஒரு பகுதியையாவது தாராவித் தையல் பட்டறைகளுக்குக் கொடுத்து, மழைக்கும் ரயிலுக்கும் ஏற்ற அளவில் தைத்துத் தரச் சொல்லலாம். அலுவலகத்தில் பூட்டு வைத்த அலமாரி ஒன்றும் கொடுத்தால், சார்ஜரையும் கோப்புகளையும் நாள்தோறும் கல்யாண், விரார் போன்ற தொலைவான புறநகர்களுக்குச் சுமக்க வேண்டியிராது.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
டோம்பிவிலி கிழக்கு, தானே மாவட்டம்.