கிளினிக் கண்டியில், பிள்ளை லயத்தில்

ஆசிரியருக்கு,

ஏப்ரல் 2ஆம் திகதி வந்தால் நீல விளக்கு, ஊர்வலம், மேடைப் பேச்சு. ஐக்கிய நாடுகள் சபை 2007இல் தீர்மானம் நிறைவேற்றி உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமாக்கிய நாள் அது. ஓட்டிசம் என்பது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் ஒரு வளர்ச்சி நிலை. உங்கள் பத்திரிகையும் படம் போடுகிறது, போடட்டும். ஆனால் மஸ்கெலியாவிலோ இராகலையிலோ லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கும் ஒரு தாய்க்கு ஏப்ரல் 3ஆம் திகதி காலையில் என்ன செய்வதென்று யாரும் சொல்வதில்லை. மலையகத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கண்டி, பேராதனை, பதுளைப் பக்கம் கிளினிக்குக்குப் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது மாதத்தில் அரை மணி நேரம். அதுவும் திகதி தள்ளிப் போகாவிட்டால். அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் பேசப் பழகிவிடாது. பெற்றோருக்கு வழி காட்டுவார்கள், அவ்வளவுதான். பழக்குகிற வேலை முழுவதும் லயத்திலும் இஸ்தோப்பிலும் (வாசல் திண்ணையிலும்) பிள்ளைக் காம்பராவிலும் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும்) நடக்க வேண்டியது. ஆகவே உதவியும் தோட்டப் பிரிவான டிவிஷனுக்குள்ளேயே வேண்டும்.

நகரை அண்டிய பகுதியொன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசத்தைக் கண்டது. அந்தக் கணக்கின்படி 500 பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் ஐந்து பேராவது இருப்பார்கள். மற்ற விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். "எங்கள் தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்கிற இடங்களில் அந்தப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

முதலில் கண்டுபிடிப்பது. 18 மாதத் தடுப்பூசிக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் பதிவு செய்யும், தாயிடம் உள்ள பிள்ளைச் சுகாதார விருத்திப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. ஆனாலும் கூட்டத்தில் நின்றுகொண்டு "பிள்ளை எல்லாம் செய்கிறதா?" என்று கேட்டால் தாய் "ஆமாங்க" என்றுதான் சொல்வாள். கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். பஸ் போகும்போது விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பிஸ்கட் வேண்டுமென்றால் கேட்கிறதா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டின்மேல் வைக்கிறதா? பிஸ்கட் பைக்கற்றைக் கசக்கினால் ஓடிவருகிற பிள்ளை, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பாமல் இருக்கிறதா? முன்பு சொன்ன சொற்கள் ஏதும் நின்றுபோனதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. இவற்றை நன்றாகக் கவனிக்கக்கூடியவர் பிள்ளைக் காம்பரா ஆயாதான். ஒரே வயதுப் பிள்ளைகள் பலரை அருகருகே வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவரே. அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுப்பது பெரிய செலவல்ல.

காதுப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. குளிர்ப் பிரதேசத்தில் சளியும் காது ஒழுகலும் சாதாரணம். நடுக்காதில் நீர் கட்டியிருக்கும் பிள்ளை கைதட்டினால் திரும்பும், ஆனால் பேச்சு அதற்குத் தெளிவாகக் கேட்காது. "கைதட்டிப் பார்த்தோம், காது கேட்குது" என்று வீட்டில் முடிவு செய்வதால் மாதங்கள் வீணாகின்றன. கிளினிக்குக்கு அனுப்பும் கடிதத்திலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவையும் சேர்த்து எழுதும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொண்டால், அதற்கென இன்னொரு பேர் (ஒரு நாள் சம்பளம்) இழக்க வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது பதிவேடு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, முந்தைய கடிதங்கள், இவற்றோடு மூன்று சிறு வீடியோக்களும் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். ஒன்று, பிள்ளை தன்பாட்டில் விளையாடுவது. இரண்டாவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மூன்றாவது, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது. டீவியை நிறுத்திவிட்டு எடுங்கள். விடியற்காலை பஸ்ஸில் ஏறி, மூன்று மணி நேரம் வரிசையில் இருந்து களைத்துப்போன பிள்ளை வைத்தியருக்கு முன்னால் ஒன்றில் அழும், இல்லையேல் தூங்கும். அதைப் பார்த்து யாரும் சரியாக எதையும் முடிவு செய்ய முடியாது.

மொழிச் சிக்கலை எல்லோரும் அறிவோம். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. ஆனால் அவர் சொந்தக் கருத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். "ஒன்றரை வயதில் அம்மா, பால், வா என்று சொன்னான், பிறகு நின்றுவிட்டது" என்று தாய் சொன்னது, "பேச்சுக் கொஞ்சம் லேட்டு" என்று போய்ச் சேரும். அதனால் முக்கியமானவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, முன்கூட்டியே யாரைக் கொண்டாவது சிங்களத்தில் மாற்றி எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பயிற்சி சொல்லித்தரும்போது அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டால், வீட்டில் அப்பாயிக்கும் காட்டலாம். இன்னொன்று: "இரண்டு மொழி வேண்டாம், சிங்களம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்க்கு இயல்பாக வரும் மொழியில்தான் கொஞ்சவும் பாடவும் முடியும்.

இனி, டிவிஷனுக்குள் என்ன செய்யலாம் என்பது. ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் கொண்ட ஒரு வட்டம் போதும். அதற்கு மேல் போனால் சத்தம் கூடிவிடும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். இடம் தேடி அலையவும் வேண்டாம். பிள்ளைக் காம்பரா ஞாயிறுகளில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. பாயும் விளையாட்டுச் சாமானும் கழிவறையும் அங்கேயே இருக்கின்றன. இரு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் ஓட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒரு பராமரிப்போர் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது: 9 குழு அமர்வுகள், 3 வீட்டு வருகைகள். வைத்தியரோ சிகிச்சையாளரோ அல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம். முன்பள்ளி ஆசிரியையோ சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரோ முன்வந்தால் அந்த அளவையே அளவாக வைத்துக்கொள்ளலாம். இரு வாரத்துக்கு ஒன்று என்றால் 9 அமர்வுகளும் நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும்.

இப்படித் தொடங்கும் வட்டங்கள் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுபோவதற்குக் காரணங்கள் உண்டு. கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளையும் அவர்களின் அண்ணன் தங்கைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காதது முதற் காரணம். தாய் பாதியில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை வரமாட்டாள். இரண்டு இளைஞர்களை அதற்கென்றே போட வேண்டும். அடுத்தது, பிள்ளையை உண்மையில் வளர்க்கிற அம்மாயியையும் அப்பாயியையும் கூப்பிடாதது. கூட்டத்தில் ஒன்று பழகி வந்து வீட்டில் வேறொன்று நடந்தால் பிள்ளைதான் குழம்பும். மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். புத்தகப்பையும் பால்மாவும் கொண்டுவந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படம் பேஸ்புக்கில் ஏறிய மறுநாளே பல தகப்பன்மார் "இனிப் போக வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு திறன் போதும். உதாரணத்துக்குப் படக் கார்டை எடுத்துக்கொள்வோம். பேச்சு வராத பிள்ளை கத்துவதும் கடிப்பதும் பல நேரம் வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியாததால். பிஸ்கட் பெட்டி மட்டையில் ஏழெட்டு சென்டிமீற்றர் சதுரமாக வெட்டி, பிள்ளையின் சொந்தப் பொருட்களின் போட்டோவை ஒட்டுங்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் வெளிநாட்டுக் கழிவறைப் படத்தை, லயத்துக்கு வெளியே தகரக் கதவு போட்ட கழிவறையோடு பிள்ளை எப்படிப் பொருத்திப் பார்க்கும்? அந்தத் தகரக் கதவையே போட்டோ எடுக்க வேண்டும். பின்னணியில் வேறு சாமான் இருந்தால் பிள்ளை அதைப் பார்க்கும், ஆகவே வெள்ளைத் துணி விரித்து எடுங்கள். தொடக்கத்தில் ஒரே கார்டு, பிள்ளைக்கு மிகவும் பிடித்த பொருள். பிள்ளை கார்டைக் கையில் கொடுத்த அந்தக் கணமே பொருளைக் கொடுக்க வேண்டும். "முதலில் சொல்லு, பிறகு தருகிறேன்" என்றால் கார்டுக்கு மதிப்புப் போய்விடும். இரண்டு பேர் இருந்தால் சுலபம்: ஒருவர் முன்னால் இருந்து பொருளைக் காட்ட, மற்றவர் பின்னால் இருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக் கார்டைக் கொடுக்க வைப்பார், பேசாமல். பிள்ளை தானாகக் கொடுக்கத் தொடங்கியபின் இரண்டாவது கார்டு. முதல் வாரத்திலேயே பத்துக் கார்டைத் தொங்கவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கார்டு கொடுத்தால் பிள்ளை பேசவே பேசாது என்ற பயமும் வேண்டாம், அது பேச்சைத் தடுப்பதில்லை.

பாதுகாப்பு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். நம் தோட்டங்களில் பீலி, கான், ஆறு, நீர்த்தேக்கம் எல்லாம் கூப்பிடு தூரம். பிள்ளையைக் காணவில்லையென்றால் முதல் ஆள் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும், மற்றத் தேடலெல்லாம் பிறகு. எல்லோரும் சேர்ந்து பெயரைக் கத்தினால் பிள்ளை இன்னும் ஒளிந்துகொள்ளும். பிடித்த பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு நடந்தால் பலன் உண்டு. கதவின் மேல்பக்கத்தில் எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி, திறந்தால் சத்தம் கேட்க ஒரு சிறு மணி, இரண்டும் சில நூறு ரூபாய்தான். ஆனால் உள்ளே பிள்ளையைத் தனியே விட்டு வெளியிலிருந்து பூட்டிவிட்டு மலைக்கு வேலைக்குப் போகக் கூடாது. தீப்பிடித்தால் லயம் முழுவதும் போய்விடும். கங்காணி, வாச்சர், ஓட்டோக்காரர், கடைக்காரர் ஆகியோர் பிள்ளையின் முகத்தை அறிந்திருக்க வேண்டும். இதற்குப் பெற்றோர் வெட்கத்தை விட வேண்டும். அயலார் வாயை அடக்க வேண்டும்.

திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் கமிட்டி அப்படியொரு பிள்ளை இருக்கும் லயத்தின் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பலாம், வெடி போடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். இரைச்சலுள்ள இயந்திரங்களோடு வேலை செய்பவர்கள் போடும் காதுமூடியை ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதைச் சில நாள் வீட்டில் போட்டுப் பழக்கிவிட்டுத்தான் தேர் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும்.

சாபம், செய்வினை என்று அலைவதைவிட இப்போது ஆபத்தானது, "மூன்று மாதத்தில் முழுக் குணம்" என்று போனில் வரும் விளம்பரம். ஓட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. தூக்கமின்மைக்கும் வலிப்புக்கும் கடுமையான ஆவேசத்துக்கும் நிபுணர் மருந்து தருவார். அவற்றைத் தாமாகவே நிறுத்தவோ கூட்டவோ கூடாது. தடுப்பூசியால் ஓட்டிசம் வருவதில்லை.

வலுவிழந்தோருக்கான அரச கொடுப்பனவுக்கு விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம். மருத்துவ அறிக்கையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தேவை. விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்: பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தாயின் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம். பாடசாலை விடயத்தில், 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016இல் வந்த விதி. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் வலுவிழப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. அதிபர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவுக்குக் கொடுங்கள். எழுத்தில் கேட்டாலே பல மறுப்புகள் தளர்ந்துவிடும். ஆனால் தமிழ்மொழிமூல விசேட கல்வி ஆசிரியர்கள் போதாத வரை, அனுமதி கிடைத்த பிள்ளையும் பின்வாங்கில் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும். மாகாண அமைச்சுகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது இரு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பிள்ளைக் காம்பராவின் சாவியைத்தான். தொழிற்சங்கங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரிது: கிளினிக் அட்டையில் முத்திரையோடு வரும் தாய்க்கு அன்றைய பேர் விழ வேண்டும், அல்லது அரைப்பேராவது. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் இந்தக் கோரிக்கையை யாரும் முன்வைத்ததாகத் தெரியவில்லை. உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறோம். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்ட வைத்தியசாலைகளில் பிள்ளை வளர்ச்சி, பேச்சுச் சிகிச்சை, காது மூக்கு தொண்டை கிளினிக்குகள் எந்தெந்தக் கிழமையில், எந்த அறையில், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்பதை மாதத்தின் முதல் ஞாயிறு இதழில் ஒரு கட்டத்துக்குள் போட்டு வாருங்கள். வெட்டி எடுத்து லயத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
விசேட தேவையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களோடு பணியாற்றுவோர்,
ஹட்டன்.