கிணற்று வெடியும் பத்து டன் குண்டும்

கன்னங்குறிச்சி, சேலம்
ஐப்பசி 20

அன்புள்ள மாப்ளே துரைசாமிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, அதனால்தான் பதில் போடவில்லை என்று எழுதினால், எழுதுவது கைதானே என்று கேட்பாய். சரி, சோம்பேறித்தனம்தான். இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகச் சேர்வராயன் மலை கண்ணுக்கே தெரியவில்லை.

ஈரானில் 2025 ஜூனில் அமெரிக்கா போட்ட குண்டு மேலே வெடிக்காமல் மலைக்குள் போய் வெடிப்பது எதற்கு என்று உன் பேரன் கேட்டானாமே. அவன் உன்னைக் கேட்டான், நீ என் தலையில் கட்டிவிட்டாய். பரவாயில்லை, இதற்கு எங்கள் தோட்டத்துக் கிணற்றிலேயே பதில் இருக்கிறது.

இருபது அடிக்குக் கீழே கரும்பாறை வந்து அப்பா தலையில் கை வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வெடி வைக்கிறவர் பாறையில் குழி அடித்து, தோட்டாவை இறக்கி, களிமண்ணை உருட்டிப் போட்டு மரக்கம்பால் பதமாக இடிப்பார். இரும்புக் கம்பியைத் தொடவே மாட்டார். ஒரு பொறி பறந்தால் ஆள் காலி. "மேலயே வெச்சுக் கொளுத்துனா என்னங்க?" என்று கேட்டேன். "மேல வெச்சா சத்தந்தான் கண்ணு வரும். உள்ள வெச்சு அடைச்சாத்தான் போக எடமில்லாம பாறையை ஒடைக்கும்" என்றார்.

இரண்டாம் உலகப் போரில் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் பிடித்துக்கொண்டதும் இதையேதான். அதற்கு முன் பெரிய குண்டு என்றால் மெல்லிய உறைக்குள் நிறைய வெடிமருந்து. 4,000 பவுண்டு குண்டு தெருவின் கூரைகளைப் பிய்த்து எறியும். கூட வரும் தீக்குண்டுகள் திறந்த வீடுகளுக்குள் விழுந்து எரியும். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

வாலிஸ் தடித்த எஃகு உறையும் கூர்மூக்கும் வைத்தார். வால் இறக்கைகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததால் குண்டு பம்பரம் போலச் சுழன்று, குறி பிசகாமல் இறங்கும். மண்ணுக்குள் ஆழமாகப் போய் வெடித்ததும் பூமிக்குள் குகை விழும். மேலே நிற்பது கால் இல்லாமல் சரியும். முதலில் வந்த டால்பாய் 5.4 டன். 1944 நவம்பர் 12 அன்று நார்வேயில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைக் கவிழ்த்தது அதுதான். ஏறக்குறைய ஆயிரம் மாலுமிகள் செத்துப்போனார்கள்.

அடுத்தது கிராண்ட் ஸ்லாம், 10 டன். நம்மூரில் ஒரு லாரி லோடு! உருக்கிய மருந்தை வெல்லப்பாகை அச்சில் ஊற்றுவது போல ஊற்றி, ஆறி இறுகுவதற்கே ஒரு மாதம் விடவேண்டுமாம். லங்காஸ்டர் விமானத்தில் குண்டறைக் கதவையே கழற்றினால்தான் அடங்கும். 1945 மார்ச் 14 அன்று ஜெர்மனியில் பீலெஃபெல்ட் ரயில் பாலத்துக்கு முதல் குண்டைப் போட்டார்கள். அதற்கு முன் எத்தனையோ சின்னக் குண்டுகளைத் தாங்கி நின்ற பாலம் அது. இது பாலத்தின் மேல் விழக்கூட இல்லை, பக்கத்தில்தான் விழுந்தது. வளைவுகள் பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டன. அந்த ஆளின் மூளையை மெச்சத்தான் தோன்றுகிறது, மெச்சும்போதே வயிற்றையும் பிசைகிறது.

வியட்நாமில் அமெரிக்கா போட்ட 15,000 பவுண்டு குண்டு நேர் எதிர். மூக்கில் ஒரு நீளக் குழாய். அது தரையைத் தொட்டதுமே குண்டு மேலேயே வெடிக்கும், பள்ளம் விழாது, காடு மட்டும் படுத்துவிடும். ஹெலிகாப்டர் இறங்க இடம் தயார். மருந்து அம்மோனியம் நைட்ரேட்டும் அலுமினியத் தூளும். அந்த நைட்ரேட் இல்லாமல் நம் பக்கத்துக் குவாரிகளும் ஓடாது. ஆப்கானிஸ்தானில் 2017 ஏப்ரலில் போட்டதும் இந்த ஜாதிதான்: 9.8 டன்னில் 8.5 டன் மருந்து. ஈரானில் போட்டது 13.6 டன், ஆனால் மருந்து சுமார் 2.4 டன்தான், மீதி பெரும்பாலும் எஃகு. இந்தக் கணக்கைப் பேரனிடம் சொல், அவனே புரிந்துகொள்வான்.

அப்புறம் ஒன்று. ஒரு நாள் ஐந்து குழிக்குத் திரி வைத்ததில் நாலுதான் வெடித்தது. வெடிக்காரர் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, மறுநாள் வரை யாரும் இறங்கக் கூடாது என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கூலி வீணாகிறதே என்று அப்பா கத்தினார், அவர் அசையவில்லை. 1945இல் போட்டு வெடிக்காமல் போன ஒரு டால்பாய் போலந்தில் கால்வாய்க்கு அடியில் கிடந்ததாம். 2020 அக்டோபரில் செயலிழக்க வைக்கும்போது வெடித்து, தண்ணீர் எழும்பியதைப் படத்தில் பார்த்தேன். முன்பே சுற்றுவட்டாரத்தைக் காலி செய்திருந்ததால் யாருக்கும் அடியில்லை. எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மாசியில் கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிடும், அப்போது பேரனைக் கூட்டிக்கொண்டு வா. சுவரில் அந்தக் குழிகளின் பாதித் தடம் இன்னும் இருக்கிறது, மூன்று விரல் வைக்கலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழனி