முதலாம் தெரிவும் முப்பத்துநான்காம் தெரிவும்

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் பெயரும் எண்ணும் குழம்பிப் போகும். அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் கடைசியில் நிற்கிற அணிக்குத்தானே டிராஃப்டில், அதாவது கழகங்கள் வருடம்தோறும் முறை வைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்கிற நிகழ்வில், முதல் ஆளை எடுக்கும் உரிமை, அப்படியென்றால் மெல்பேர்ண் டீமன்ஸ் அத்தனை வருடம் ஏன் கீழேயே கிடந்தது என்று கேட்டாய். உன் வேலையிடத்தில் அந்தக் கழகத்தைக் கேலி செய்கிறவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

முதலில் ஒரு கணக்குச் சொல்கிறேன். 2007 முதல் 2012 வரையான ஆறு டிராஃப்டில் டீமன்ஸ் முதல் 20 தெரிவுக்குள் எடுத்த பிள்ளைகள் 11 பேர். 2021இல் 57 வருடத்துக்குப் பிறகு பட்டம் வென்ற அணியில் இந்த 11 பேரில் ஒருவரும் இல்லை. அதே ஆறு டிராஃப்டிலிருந்து அந்த அணிக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்றே பேர்: மக்ஸ் கோன், டொம் மக்டொனால்ட், ஜக் வைனி. இவர்களின் தெரிவு எண்கள் 34, 53, 26. இதற்குக் காரணம் ஆட்களைத் தேடியவர்களின் கண் மட்டும் என்று சொல்வது சுலபம். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

விதியை வடிவாகத் தெரிந்துகொள், அது இல்லாமல் மிச்சம் விளங்காது. புள்ளிப்பட்டியலில் கடைசியில் முடித்த அணி முதலாவதாக எடுக்கும், பட்டம் வென்ற அணி சுற்றின் கடைசியில் எடுக்கும். எடுக்கப்படுகிற பிள்ளைக்கு அந்த வருடம் டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் 25 வயதில் எப்படி இருப்பார்கள் என்று ஊகிக்கிற வேலை இது. அந்தக் காலத்தில் இதன்மேல் முன்னுரிமைத் தெரிவு என்று ஒன்றும் இருந்தது. ஒரு பருவத்தில் ஐந்து வெற்றிக்குக் குறைவாக எடுத்தால் முதல் சுற்று முடிந்ததும் ஒரு மேலதிகத் தெரிவு கிடைக்கும். இரண்டு பருவம் தொடர்ந்து அப்படித் தோற்றால் அந்தத் தெரிவு முதல் சுற்றுக்கே முன்னால் வந்துவிடும். டீமன்ஸ் 2008இல் 3 ஆட்டமும் 2009இல் 4 ஆட்டமும் வென்றது. எனவே 2009 டிராஃப்டில் முதலாவதும் இரண்டாவதும் அவர்கள் கையில்.

வேண்டுமென்றே தோற்றார்களா என்று பிறகு விசாரணை நடந்தது. அப்படி இல்லை என்று 2013இல் முடிவு வந்தது, ஆனாலும் கழகத்துக்கு 500,000 டொலர் தண்டம். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அத்தனை விலை கொடுத்துக் கிடைத்த தெரிவுகளுக்கு என்ன நடந்தது என்பதுதான்.

2007இல் நான்காவதாகக் கேல் மோர்ட்டன். பத்தாவதாக அடிலெய்ட் எடுத்தது பட்ரிக் டேஞ்சர்ஃபீல்டை, பன்னிரண்டாவதாக ஹோதோர்ன் எடுத்தது சிரில் ரியோலியை; இருவரும் பின்னாளில் பெரிய நட்சத்திரங்கள். 2008இல் முதலாவதாக ஜக் வொட்ஸ். அடுத்தபடி வெஸ்ட் கோஸ்ட் நிக் நைட்டனூயியை எடுத்தது. எல்லோரும் பேசுவது இந்த வொட்ஸ்–நைட்டனூயி கதையைத்தான். எனக்கு மனம் பொறுக்காதது அதே டிராஃப்டில் கொஞ்சம் கீழே இருக்கிறது. 17ஆவதாக டீமன்ஸ் சாம் பிளீஸை எடுத்தது, 19ஆவதாக ஜேம்ஸ் ஸ்ட்ராஸை எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் 18ஆவதாக வெஸ்ட் கோஸ்ட் எடுத்த லூக் ஷூயி 2018 கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர். அந்த 17ஆம் தெரிவு தோல்விக்குக் கிடைத்த முன்னுரிமைத் தெரிவு. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது இதுதான்.

வொட்ஸைப் பற்றிப் பேசும்போது நியாயமாகப் பேசு. 2009இல் அவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே, மகாராணியார் பிறந்தநாள் விடுமுறை ஆட்டத்தில் கொலிங்வூட்டுக்கு எதிராக இறக்கினார்கள். முதல் பந்தைத் தொட்டதும் கொலிங்வூட்காரர் பலர் ஒன்றாக விழுந்து அமுக்கினார்கள். உடல் முற்றாத பிள்ளையை, வருடத்தின் பெரிய கூட்டங்களில் ஒன்றின் முன்னால், தோற்றுக்கொண்டிருக்கிற அணியில் இறக்கியது தேர்வாளரின் பிழை அல்ல. அதை முடிவு செய்தது வேறு அறை.

2009இல் முதலாவதாக டொம் ஸ்கலி, இரண்டாவதாக ஜக் ட்ரெங்கோவ். மூன்றாவதாக ரிச்மண்ட் எடுத்தது, பின்னாளில் பெரும் நட்சத்திரமான டஸ்டின் மார்ட்டினை. இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அன்று அந்த இரண்டு தெரிவையும் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு. ஸ்கலி இரண்டு பருவம் விளையாடினார். அந்தக் காலத்தில் புதிதாக எடுத்த பிள்ளைக்கு முதல் ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடிந்த அன்றே புதிய கழகமான கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி பெரும் பணத்தோடு நின்றது. ட்ரெங்கோவை 2012இல் 20 வயதில் இணைத்தலைவராக்கினார்கள், லீக் வரலாற்றிலேயே மிக இளைய தலைவர். பிறகு பாதத்து எலும்பில் காயம், அதிலிருந்து பழைய நிலைக்கு அவர் வரவேயில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பார்: 2010இல் விளையாட வந்த அந்தப் பிள்ளை 2014 தொடங்கும்போது ஐந்தாவது பயிற்சியாளரைக் கண்டுவிட்டார், இடைக்காலம் வந்தவர்களையும் சேர்த்து. ஒருவர் பந்தைக் காலால் கொண்டு போ என்பார், அடுத்தவர் முதலில் மோது என்பார். யார் சொல்வதைப் பழகுவது?

இதோடு மூத்தவர்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தலைவராக இருந்த ஜேம்ஸ் மக்டொனால்டே 2010 முடிவில் போக வேண்டி வந்தது. பிள்ளைகளுக்கு இடம் விட வேண்டும் என்பது சாட்டு. ஆனால் 19 வயதுக்காரருக்கு எங்கே ஓட வேண்டும், எப்போது மோத வேண்டும் என்று மைதானத்தில் கத்திச் சொல்வது 28, 30 வயதுக்காரர்தான். அவர்கள் இல்லாத அணி 2011 ஜூலையில் ஜீலோங்கிடம் 186 புள்ளியால் தோற்றது. லீக் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி ஒன்றே ஒன்றுதான்.

கழகத்தின் கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 2010இல் புதிய கோல்ட் கோஸ்டுக்கு முதல் 15 தெரிவில் ஒன்பதைக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் சிட்னியின் புதிய கழகத்துக்கும் அதேபோல். டீமன்ஸுக்கு 2010இல் முதல் தெரிவே 12ஆவது. எடுத்த லூக்கஸ் குக் லீக்கில் ஒரு ஆட்டம்கூட விளையாடாமல் போனார். ஆனால் அதே டிராஃப்டில் 33இல் ஜெரமி ஹவ், 53இல் டொம் மக்டொனால்ட் கிடைத்தார்கள். 2012இல் நான்காவதாக ஜிம்மி டூம்பஸ். 5, 6, 7 என்று பின்னால் வந்தவர்கள் ஜேக் ஸ்ட்ரிங்கர், ஜக் மக்ரே, ஒலி வைன்ஸ். இதற்கு நான் சாட்டுச் சொல்ல மாட்டேன். இது தேர்வின் பிழைதான்.

கோன் 2009இல் 34ஆவதாக வந்தவர். 2015இல் லீக் கொண்டுவந்த பெறுமதி அட்டவணைப்படி முதலாம் தெரிவுக்கு 3000 புள்ளி, 34ஆம் தெரிவுக்கு 542. அந்த 542 புள்ளிக்காரர்தான் 2021இல் கழகத்தின் தலைவர், அந்த வருட லீக் சிறப்பணிக்கும் தலைவர், கிராண்ட் ஃபைனலுக்கு முந்திய ஆட்டத்தில் ஜீலோங்குக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவர். கோன் ஒரு ரக், அதாவது ஆட்டம் தொடங்கும்போது உயரத் துள்ளிப் பந்தைத் தன் ஆட்களுக்குத் தட்டிவிடுகிற நெட்டையர். ரக் ஆட்டக்காரர்கள் இப்படித்தான். இரண்டு மீட்டர் தாண்டிய உடல் 18இல் தயாராகாது, 22, 23 ஆக வேண்டும்; நடுவில் முழங்கால் வேறு படுத்தும். காத்திருக்கத் தெரிந்த கழகத்துக்கு ரக்கை 30க்குப் பிறகு எடுப்பது மலிவு. முதல் ஐந்துக்குள் எடுத்தால் நான்கு வருடம் வசவு கேட்க வேண்டும்.

2013இல் இரண்டே வெற்றி. முன்னுரிமைத் தெரிவு கேட்டார்கள், லீக் மறுத்துவிட்டது. அது மறுக்கப்பட்டதே நல்லது என்பேன். அந்த வருடம் நிர்வாகத்துக்குப் பீட்டர் ஜாக்சன் வந்தார், பயிற்சிக்குப் போல் ரூஸ் வந்தார், ஆட்களைத் தேடும் பொறுப்பு ஜேசன் டெய்லரிடம் இருந்தது. முதல் வேலையாக இரண்டாம் தெரிவையே விற்றார்கள். அதற்கு மாற்றாக விளையாடப் பழகியிருந்த டொம் டைசனும் 9ஆம் தெரிவும் முக்கியமாகக் கிடைத்தன. 9இல் கிறிஸ்டியன் சேலம். விற்ற இரண்டாம் தெரிவில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி எடுத்தது ஜொஷ் கெல்லி. டைசனோடு தனியாக ஒப்பிட்டால் கெல்லிதான் பெரிய ஆட்டக்காரர். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அன்றைய அணிக்கு இன்னொரு 18 வயதுப் பிள்ளை தேவையில்லை, அடுத்த கிழமையே மிட்ஃபீல்டில் நிற்கிற ஆள் தேவை.

அதன் பிறகுதான் உயர்ந்த தெரிவுகள் பலித்தன. 2014இல் இரண்டாவதாகக் கிறிஸ்டியன் பெட்ராக்கா, மூன்றாவதாக அங்கஸ் பிரேஷோ. அந்த மூன்றாம் தெரிவு, ஜேம்ஸ் ஃப்ரோலி ஹோதோர்னுக்குப் போனதற்கு லீக் கொடுத்த இழப்பீடு. பெட்ராக்கா முழங்கால் தசைநார் அறுந்து 2015 முழுவதும் விளையாடவில்லை. இந்தமுறை யாரும் அவசரப்படுத்தவில்லை. 2015இல்தான் அடுத்த வருடத் தெரிவையும் பரிமாற லீக் அனுமதித்தது. டீமன்ஸ் உடனே 6ஐயும் 29ஐயும் 2016இன் முதல் சுற்றுத் தெரிவையும் கோல்ட் கோஸ்டுக்குக் கொடுத்து 3ஐயும் 10ஐயும் முக்கியமாக வாங்கியது. பிறகு நடந்த மாற்றங்களால் டிராஃப்ட் நாளில் அவர்கள் கையில் இருந்தது 4உம் 9உம். நான்காவதாகக் கிளேட்டன் ஒலிவர், கழகத்தின் டிராஃப்ட் வரலாற்றிலேயே நல்ல தெரிவுகளில் ஒன்று.

ஒன்பதாவதாகச் சாம் வைட்மன். இது இன்னும் வலிக்கிற இடம். உயரமான முன்கள வீரர் வேண்டும் என்று முடிவு செய்தது சரி. அடுத்தபடி பத்தாவதாகக் கார்ல்டன் ஹரி மக்கேயை எடுத்தது, பன்னிரண்டாவதாகச் சார்லி கேர்னோவை. இருவரும் பிறகு லீக்கின் அதிக கோல் அடித்தவர் விருதை வென்றார்கள். 2023 இறுதிச்சுற்றில் டீமன்ஸ் கார்ல்டனிடம் 2 புள்ளியால் தோற்றபோது அடித்தது 9 கோல், வீணாக்கியது 17. பந்து முன்னால் போய்க்கொண்டேதான் இருந்தது, முடிக்க ஆள் இல்லை.

பட்டத்தின் மற்றப் பாதி பெரும்பாலும் நடுத்தெரிவுகளில் இருக்கிறது. 2017இல் சார்லி ஸ்பார்கோ 29, பெய்லி ஃப்ரிட்ச் 31, ஹரிசன் பெட்டி 37. 2018இல் டொம் ஸ்பாரோ 27, ஜேம்ஸ் ஜோர்டன் 33. 2019இல் லூக் ஜாக்சன் 3, கிசையா பிக்கெட் 12, ட்ரென்ட் ரிவர்ஸ் 32. 2020இல் ஜேக் போவி 21. நான்கு வருடத்தில் ஒன்பது பேர், எல்லோரும் 2021 கிராண்ட் ஃபைனல் நாள் அணியில். இந்த ஒரு வரிசையை அந்த 11 பேருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

இதில் ஃப்ரிட்சின் 31ஆம் தெரிவு எங்கிருந்து வந்தது தெரியுமா? வொட்ஸைப் போர்ட் அடிலெய்டுக்குக் கொடுத்ததற்கு மாற்றாக வந்தது. அன்று 'முதலாம் தெரிவை 31க்குக் கொடுத்துவிட்டார்கள்' என்று திட்டினார்கள். ஃப்ரிட்ச் கிராண்ட் ஃபைனலில் ஆறு கோல் அடித்தார். ஜெசி ஹோகன் கதையும் இதுதான்: 17 வயதுப் பிள்ளைகளுக்கான சிறு டிராஃப்ட் மூலம் வாங்கி, 2018இல் ஃப்ரீமாண்டிலுக்குக் கொடுத்து, அதில் கிடைத்த 6ஆம் தெரிவைக் கோல்ட் கோஸ்டுக்கு நீட்டி ஸ்டீவன் மேயைக் கொண்டுவந்தார்கள். பின்களத்தில் மேயும் அடிலெய்டிலிருந்து வந்த ஜேக் லீவரும் இல்லாமல் 2021 இல்லை. ஆகவே ஒரு தெரிவின் கணக்கை, அந்தப் பிள்ளை கழகத்தை விட்டுப் போன நாளோடு மூடிவிடாதே. போனதற்கு என்ன வந்தது, வந்ததை வைத்து யாரை எடுத்தார்கள் என்று கடைசிவரை போ.

உன் நண்பர்களோடு வாதாடுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். எடுத்தவரை, அந்த டிராஃப்டின் மிகச் சிறந்தவரோடு ஒப்பிடாதே. அடுத்த ஐந்து பேரோடு ஒப்பிடு. கோனையும், அதே 2009இல் ஃப்ரீமாண்டில் எடுத்த நட்சத்திரம் நாட் ஃபைஃபையும் பல கழகங்கள் விட்டுத்தான் போயின, அதை ஒரு கழகத்தின் குற்றமாக்க முடியாது. ஐந்துக்குள் நல்லவர்கள் இருவர் மூவர் நின்றால் மட்டும் பிழை என்று எழுது. அப்படிப் பார்த்தால் வொட்ஸ், ட்ரெங்கோவ் இருவரைவிட டூம்பஸ்தான் மோசமான தெரிவாக வரும். மற்றது, ஐந்து பருவம் முடியும் முன் எந்த டிராஃப்டுக்கும் மதிப்பெண் போடாதே. முன்களத்து உயரக்காரருக்கும் ரக்குக்கும் ஏழு என்று வை.

இப்போது கீழே நிற்கிற கழகங்களை எடைபோட வேண்டுமென்றால், அவர்களிடம் எத்தனை முதல் சுற்றுத் தெரிவு இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், 27 வயதுக்கு மேல் கிழமைதோறும் விளையாடுகிற எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள், பயிற்சியாளருக்கு இன்னும் எத்தனை வருட ஒப்பந்தம் மிச்சம் என்று பார். இரண்டும் தேடினால் கிடைக்கும். அடுத்த முறை போன் எடுக்கும்போது நீ எந்தக் கழகத்தைப் பார்த்தாய் என்று சொல், 2013க்குப் பிந்திய டீமன்ஸ் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா