அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடி இதப் படி

மாப்ள சேகரு,

இங்க எல்லாரும் சவுக்கியம். மேட்டூர் தண்ணி இன்னும் நம்ம கடைமடைக்கு வந்து சேரல, அத போன்ல பொலம்பிக்கலாம். இப்ப எழுதுறது அப்பா ஸ்கேன் விஷயமா.

போன வாரம் அம்மாவ தஞ்சாவூருக்கு எம்ஆர்ஐ எடுக்க கூட்டிட்டுப் போனேன். பாதியில நிறுத்தி கையில ஒரு ஊசி போட்டாங்க, நெறமே இல்லாத மருந்து, ஜில்லுனு தோள் வரைக்கும் ஏறுச்சாம், வாயெல்லாம் இரும்பு ருசின்னு அம்மா சொன்னாங்க. பாட்டில வாங்கிப் பாத்தா கடோலினியம்டா! பீரியாடிக் டேபிளுக்குக் கீழ தனியா ஒதுக்கி வெச்சிருப்பாங்களே ரெண்டு வரிசை, அதுல 64-வது ஆளு. லேப் வாத்தியார் இருந்திருந்தா அங்கயே ஒரு பீரியட் எடுத்திருப்பாரு.

என்ன உலோகம்டா அது! 20 டிகிரிக்குக் கீழ போனா காந்தத்துல கப்புனு ஒட்டும், மேல போனா அந்த வேகம் போயிடும், நம்ம ஊரு வெயிலுக்கு ஃபிரிட்ஜுல வெச்சு எடுத்தாதான் உண்டு. அணு உலையில நியூட்ரான உறிஞ்சுறதுக்கும் அதயும் தேடுறாங்க. அதோட அயனியில ஜோடி சேராத எலக்ட்ரான் ஏழு இருக்கு, ஸ்கேன் மெஷின் கலைச்சு விடுற ஹைட்ரஜன, பக்கத்துல இருக்குற தண்ணியில, அது சீக்கிரமா பழைய நெலைக்குக் கொண்டு வந்துடும், அதனால மருந்து தேங்குற எடம் படத்துல பளிச்சுனு வெள்ளையா தெரியும். கட்டி எங்க இருக்குன்னு டாக்டர் கண்டுபுடிக்கறது பல நேரம் இத வெச்சுதான்.

ஆனா அத தனியா விட்டா வெஷம். கிட்டத்தட்ட கால்சியம் அயனி சைஸுலயே இருக்கும், கால்சியம் பாக்குற வேலையில பூந்து கெடுத்துடும். அதனாலதான் ஒரு பெரிய மூலக்கூறு சுத்தி வளைச்சுப் புடிச்ச மாதிரி ஊசியில தர்றாங்க, கிட்னி நல்லா இருந்தா ஒரு நாள்ல பெரும்பாலும் ஒண்ணுக்குல போயிடும். கிட்னி ரொம்ப கெட்டுப்போனவங்களுக்கு அது உள்ளயே தங்கி தோலெல்லாம் மரக்கட்டையா இறுகுற ஒரு நோய் வந்துச்சு, அதுக்குக் காரணம் இந்த மருந்துதான்னு 2006-லதான் தெரிஞ்சுது.

அப்பாவுக்கு ரொம்ப நாளா சுகர் இருக்குல்ல, அதான் எனக்கு மனசே கேக்கல. அம்மாகிட்ட அங்க யாரும் கிட்னி பத்தி கேக்கவே இல்ல, நானாதான் ரிப்போர்ட்ட நீட்டுனேன். நீ முன்னாடியே கிரியாட்டினின், அதான் கிட்னிக்குப் பாக்குற ரத்த டெஸ்ட், பாத்துடு, இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு சொல்ற நம்பர், 30-க்குக் கீழன்னா கிட்னி டாக்டர கேக்காம ஊசிக்கு ஒத்துக்காத. மருந்தில்லாம எடுக்கலாமா, இல்ல வளையமா இறுக்கிப் புடிச்சிருக்குற ரகத்த போடலாமான்னு கேளு, அதுல ஆபத்து ரொம்பக் கம்மி. பயந்துபோய் ஸ்கேனே வேணாம்னு மட்டும் சொல்லிடாதடா.

பிளட் ரிசல்ட் வந்ததும் வாட்ஸ்அப்புல போடு. பழைய ரிப்போர்ட்டெல்லாம் அப்பா ஒளிச்சு வெச்சிருப்பாரு, பீரோ மேல்தட்டுல வேட்டிக்கு அடியில பாரு.

உன்
ராஜா