25,000 ரூபாய்க்குள் உன் கம்ப்யூட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை முழுக்கப் பார்த்தேன். புது மதர்போர்டு, புது ப்ராசசர், டிடிஆர்5 ராம், கிராபிக்ஸ் கார்டு என்று எல்லாம் சேர்ந்து 70,000-ஐத் தாண்டுகிறது. உன்னிடம் இருப்பது 25,000. மீதியை இஎம்ஐ போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. கடன் ஆகாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, நீ செய்கிற வேலைக்கு அந்த மெஷின் தேவையே இல்லை. கையில் இருக்கிற பணத்துக்குள்ளேயே இப்போதைய பெட்டியை இன்னும் சில வருஷம் நன்றாக ஓட வைக்கலாம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

பகலில் உனக்கு ஆபீஸ் லேப்டாப் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் நடப்பது சாயங்கால டியூஷன்தான். ஜூம் வகுப்பு, அதன் ரெக்கார்டிங், பிரவுசரில் ஏகப்பட்ட டேப், அப்புறம் ராத்திரி உட்கார்ந்து வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றுவது. எல்லாம் 1080 வீடியோ. கேம் விளையாடுகிற பழக்கம் உனக்கு என்றுமே இல்லை. பெட்டிக்குள் இருப்பதோ, நீ காலேஜ் சேர்ந்தபோது கும்பகோணத்தில் நம் கடை மேஜையில் வைத்து நான் பூட்டிக் கொடுத்தது: ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கிற யூனிட்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். வகுப்பு நடக்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நிற்கும் என்று நினைக்கிறேன். மெமரியைக் கிளிக் செய்தால் 8 ஜிபி முழுதாக உனக்குக் கிடைக்கவில்லை என்பது தெரியும். கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று ஒரு வரி இருக்கும். உன் ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, அதற்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 2 ஜிபி அங்கே போனால் உனக்கு மிஞ்சுவது 6. அந்த 6 நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. சுற்றுகிற தட்டிலிருந்து தேடி எடுக்கிற டிஸ்க் அது, அங்கேதான் எல்லாம் திணறுகிறது. நீ ‘ஹேங் ஆகுது’ என்று சொல்வது இதைத்தான். இதற்கு கிராபிக்ஸ் கார்டு மருந்தே இல்லை.

எதில் எவ்வளவு போடுவது என்பதற்கு அப்பாவிடம் ஒரு கணக்கு உண்டு. அடுத்த கம்ப்யூட்டருக்கும் உன்னோடு வரப்போகிற பொருளுக்குத் தாராளமாகச் செலவு செய். இந்த போர்டோடு முடிந்துபோகிற பொருளுக்குக் கையை இறுக்கிப் பிடி. உன் போர்டில் ப்ராசசர் உட்காருகிற சாக்கெட் ஏஎம்4. 2017-ல் முதல் ரைசன் வந்ததிலிருந்து அந்த ஒரே சாக்கெட்டில் தலைமுறை தலைமுறையாக ஏஎம்டி கம்பெனிக்காரர்கள் ப்ராசசர் விட்டார்கள், அது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம். 2022-ல் ஏஎம்5 வந்துவிட்டது. அதில் டிடிஆர்5 ராம்தான் போகும். ஆக இன்று நீ வாங்குகிற டிடிஆர்4 ராமும் ஏஎம்4 ப்ராசசரும் இந்தப் பெட்டியோடு சரி. சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர், யூபிஎஸ் இவையெல்லாம் நாளைக்கு எந்த போர்டு வாங்கினாலும் கூட வரும்.

முதலில் எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட்டில் செருகுகிற என்விஎம்இ வகை வாங்கு, புதிதாகவே வாங்கு. உன் போர்டில் ப்ராசசருக்குக் கீழே அந்த ஸ்லாட் காலியாக இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நாளிலேயே நொடிக்கு 150 எம்பி பக்கம்தான் படிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும்போது அது 1, 2 எம்பிக்கு இறங்கிவிடும். உன் போர்டில் என்விஎம்இ 3,000-ஐத் தாண்டும். பெட்டியில் 7,000 என்று அச்சடித்ததற்குக் கூடுதல் பணம் கொடுக்காதே, பி450-யில் டேட்டா போகிற பாதை பழைய பிசிஐஇ 3.0தான், அந்த வேகம் இங்கே வராது. அதற்குப் பதிலாக உள்ளே இருக்கிற சிப் டிஎல்சி வகையா என்று கேள். க்யூஎல்சி வகை சிப் மலிவு, ஆனால் பெரிய வீடியோவை எழுதும்போது பாதியில் தொய்ந்துவிடும். 500 ஜிபி போதும். பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப் போடாதே, முடிந்த வீடியோக்களை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் டிஸ்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார். நீலத்தில் ‘குட்’ என்றால் சரி. மஞ்சளாக ‘காஷன்’ என்று வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்று.

ராமுக்கு இது நல்ல நேரம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிவிட்டது. எனவே பழைய 8 ஜிபியைக் கழற்றிவிட்டு 32 வாங்கலாம் என்ற எண்ணத்தை விடு. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4, முடிந்தால் இப்போது இருக்கிற அதே கம்பெனி, அதே வேகம், செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பக்கத்தில் போடு. ராம் எளிதில் கெடுகிற பொருள் இல்லை. 16 ஆவதோடு இரண்டு ஸ்டிக் சேர்ந்து டூயல் சேனலாக, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓடும். உள்ளே இருக்கிற கிராபிக்ஸும் அதே ராமைத்தான் நம்பியிருக்கிறது என்பதால் உனக்கு இதில் இரட்டைப் பலன். ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடு. காலையில் ஒரே ஒரு எரர் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. கடைக்காரர் அவசரத்தில் லேப்டாப் ராமை நீட்டினால் வாங்கிவிடாதே, அது பாதி நீளம்தான் இருக்கும்.

ப்ராசசர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கவனமாகப் படி. உனக்கு வேண்டியது ரைசன் 5 5600ஜி, அல்லது 5600ஜிடி. அந்த ‘ஜி’ எழுத்து கட்டாயம். வெறும் 5600, 5600எக்ஸ், 5500 இவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் போட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. 2200ஜி-யில் வேலை செய்கிற கோர் நான்கு, ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிற வேலை, அதாவது திரெட், நான்கு. 5600ஜி-யில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஜூம் ஓடிக்கொண்டே ரெக்கார்டு ஆவதற்கும், வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும் நேரத்துக்கும் இது கண்கூடாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கிற ப்ராசசர் பட்டியலில் உன் 2200ஜி இல்லை, 5600ஜி இருக்கிறது. பிள்ளைகளின் பெற்றோர் பணம் அனுப்புகிற கணக்கை நீ இதில்தான் திறக்கிறாய், அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாற்றிய பிறகு, போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸில், விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம்மை ஆன் செய்ய மறக்காதே.

செகண்ட் ஹேண்ட் ப்ராசசர் வாங்கலாம், பயப்படாதே. ஆனால் ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியிலேயே இருக்கும், மொத்தம் 1331. போன் டார்ச்சை அடித்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வரிசையாகப் பக்கவாட்டில் பார். ஒரு பின் சாய்ந்திருந்தாலும் வரிசை உடைந்து தெரியும். புதிதாக வாங்கினால் பாக்ஸோடு வாங்கு. ‘ட்ரே’ என்று சொல்லி வெறும் ப்ராசசரைக் குறைந்த விலைக்குத் தருவார்கள், அதில் கூலரும் வராது, கம்பெனியின் மூன்று வருஷ வாரன்ட்டியும் வராது.

மாற்றுகிற நாளில் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ஒன்று, புது ப்ராசசர் போடுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடவேண்டும். 2200ஜி இருக்கும்போதே, நீ வாங்குகிற ப்ராசசரை ஏற்கிற பயாஸை போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு ஏற்று. சில போர்டுகளுக்கு நேராகப் புதியதற்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு வெர்ஷன் போடச் சொல்வார்கள், குறிப்பைப் படி. ஏற்றும்போது கரன்ட் போனால் போர்டே போய்விடும், யூபிஎஸ்ஸில் செருகிக்கொண்டு செய்.

இரண்டாவது, கூலரைக் கழற்றுவது. இத்தனை வருஷத்தில், ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமென்ட் மாதிரி பிடித்திருக்கும். அப்படியே மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பத்து நிமிஷம் சூடாக ஓடவிடு. பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. கேபினட் படுக்கையாக இருக்கட்டும், இல்லையென்றால் பின்பக்கத் தகடு கழன்று விழும். ஸ்க்ரூ வந்ததும் கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகு. பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும், அப்புறம் தூக்கு. புது ப்ராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அது தானாகவே உட்காரும், விரலால் அழுத்தாதே. பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸை நீ பட்டியலிலேயே சேர்க்கவில்லை. எனக்கு அதுதான் கவலை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து அதன் லேபிளைப் படி. மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதை நம்பாதே. 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார். 18 ஆம்பியர் என்றால் 12-ஐப் பெருக்கினால் 216 வாட். ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகிற நிஜமான சக்தி அவ்வளவுதான். 5600ஜி 65 வாட் வகை, அழுத்தி ஓடும்போது 88 வரை இழுக்கும். பழையதும் இழுத்துவிடும், உண்மைதான். ஆனால் வருஷக்கணக்கில் பெங்களூர் தூசியிலும் சூட்டிலும் அதன் கெபாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். அது போகும்போது தான் மட்டும் போகாது, போர்டையோ புது எஸ்எஸ்டியையோ கூட இழுத்துக்கொண்டு போகும். ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ என்ற திறன் முத்திரை உள்ள 550 வாட், கோர்சேர், கூலர் மாஸ்டர், ஆன்டெக் மாதிரி நான்கு பேர் அறிந்த கம்பெனியாகப் பார்த்துப் புதிதாகவே வாங்கு. செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது என்று போன மாசம் சொன்னாயே, அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் ஒரு துளி கரன்டைக் கேபினட்டுக்குக் கசியவிடும், அது எர்த் வழியாக இறங்கிவிடவேண்டும். சுர் என்கிறது என்றால் அந்தச் சுவர் சாக்கெட்டில் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல். வீட்டு ஓனரிடம் கூச்சப்படாமல் கேள். புது சாமான் எதையும் பூட்டுவதற்கு முன் இது முடிந்திருக்கவேண்டும்.

கிராபிக்ஸ் கார்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. பின்னால் 4கே வீடியோ, அனிமேஷன் என்று வேலை மாறினால் அப்போது பார்க்கலாம், அதற்குத்தான் 550 வாட் சொன்னேன்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேள், அதில் சீரியல் நம்பர் இருக்கட்டும். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். செகண்ட் ஹேண்டுக்கு அது பரவாயில்லை, எஸ்எஸ்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒத்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்றும் இல்லை. இந்த மாசம் எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும், சம்பளம் வந்ததும் ராம், ப்ராசசர் கடைசியில். எஸ்எஸ்டி போட்ட அன்றே பாதி எரிச்சல் போய்விடும், பார்.

சனிக்கிழமைக்குள் எனக்கு இரண்டு போட்டோ அனுப்பு. போர்டில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெவ்’ என்று ஒரு எண் பொடியாக அச்சடித்திருக்கும், அது தெளிவாகத் தெரியவேண்டும். இன்னொன்று எஸ்எம்பிஎஸ் லேபிள். எந்த பயாஸ் எடுக்கவேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன். மாற்றுகிற அன்று என்னை வீடியோ காலில் கூப்பிட்டு போனை எதிலாவது சாய்த்து வைத்துக்கொள், கூடவே இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா