குரலை அளக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு,

அரைச்சுவர் வகுப்பறைகளில் பக்கத்து வகுப்புச் சத்தத்தையும் மீறிக் கத்திப் படிப்பிக்கும் வன்னி ஆசிரியர்கள் பலர், குரல் கம்மியதும் கைப்பேசிச் செயலியில் ‘ஆ’ என்று பதிந்து, அது காட்டும் ஜிற்றர், சிமர் எண்களோடு சிகிச்சைக்கு வருகிறார்கள். எண் கூடினால் புற்றுநோய்ப் பயம், குறைந்தால் நிம்மதி. இரண்டுமே வேண்டாம்.

குரல்நாண்களின் ஓர் அதிர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே கால அளவு தடுமாறுவது ஜிற்றர். வீச்சு, அதாவது அதிர்வின் வலு, தடுமாறுவது சிமர். ஜிற்றருக்கு 1.04, சிமருக்கு 3.81 சதவீதம் என்று பரவலாகச் சொல்லப்படும் எல்லைகள் எம்.டி.வி.பி. என்ற மென்பொருளுக்கு உரியவை. அம்ஸ்ரடாமில் உருவான இலவச மென்பொருளான பிராட்டுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது.

குரல் மோசமாகக் கரகரத்தால் எண்ணுவதற்கு ஒழுங்கான அதிர்வே இருக்காது. 200 ஹேட்ஸ் குரலை, அதாவது வினாடிக்கு 200 தடவை அதிரும் குரலை, மென்பொருள் 100 என்று பிடித்துவிடும். பிறகு வரும் ஜிற்றர் வெறும் குப்பை. கடும் நோயாளியிடம்தான் இந்த அளவு கைவிடுகிறது! அதனால்தான் அதிர்வுகளைத் தனித்தனியே எண்ணாமல், குரல் மொத்தத்தில் எவ்வளவு ஒழுங்காக அதிர்கிறது என்று காட்டும் கெப்ஸ்ட்ரல் உச்ச அளவை 2018இல் அமெரிக்கப் பேச்சு, கேட்டல் சங்கத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. தொடர்ந்து பேசும் பேச்சிலும் அதை எடுக்கலாம்.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அடிக்கடி வர முடியாதவர்கள் பதிவு அனுப்புவது நல்லதுதான், ஒழுங்காகப் பதிந்தால். மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, தொலைக்காட்சி எல்லாம் நிற்க வேண்டும். நமது 50 ஹேட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் 100 ஹேட்ஸிலும் வரும். ஆண் குரலின் சுருதி அதன் அருகேதான். தகரக் கூரையில் மழை பெய்யும்போது பதிவதே வீண். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூச்சுக்காற்று நேரே படாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வழக்கமான சத்தத்தில் ‘ஆ’ என்று 5 வினாடி, மூன்று தடவை. மெல்லச் சொன்னால் ஜிற்றரும் சிமரும் தாமாகவே கூடும். வட்ஸ்அப் குரல் செய்தி ஒலியைச் சுருக்கிவிடும், அதனால் சுருக்காத 44.1 கிலோஹேட்ஸ் வேவ் (WAV) கோப்பாகப் பதிந்து, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சிகிச்சைக்குப் பிந்திய பதிவும் அதே கைப்பேசியில், அதே அறையில் இருக்கட்டும்.

எந்த எண்ணும் குரல்நாண் முடிச்சையும் புற்றுநோயையும் பிரித்துச் சொல்லாது. கம்மல் நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை நிபுணர் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள்,
கிளிநொச்சி