புடவைகளைக் கிழித்துவிட்டேன்

ஹூப்ளி
ஞாயிறு மதியம்

என் அருமைக் குண்டூசிக்கு,

எட்டு மாசமாக எழுதாததற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. நீயும் எழுதவில்லை, கணக்கு நேராகிவிட்டது. முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதையும் மீறி வடகம் காயப்போட ஏறுகிறாயாம், உன் மருமகளே போனில் சொன்னாள், காட்டிக்கொடுத்தது யார் என்று அவளைப் பிடித்துக் கேட்காதே. இங்கே எல்லோரும் சுகம். இவர் ரிட்டயராக இன்னும் பதினான்கு மாசம், தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது சத்தமாக ஒரு தடவை சொல்கிறார், நான் மிளகாய் கிள்ளிக்கொண்டே ‘ம்’ போடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் புடவைகளை வெட்டிவிட்டேன்.

படித்தவுடனே உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும், அக்காவின் முகமும் அப்படித்தான் போனது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு. அம்மா போய் நாலு வருஷம். பட்டெல்லாம் அக்கா எடுத்துக்கொண்டாள் (நானே எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அதில் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம்தான்). யாரும் கேட்காத நூல் புடவைகள் இருபத்துமூன்று என் பங்குக்கு வந்தன. சின்னாளப்பட்டி, சுங்குடி, இரண்டு கண்டாங்கி, பெயரே தெரியாத கட்டம் போட்டவை. அப்படியே பீரோவில் அடுக்கி, பாச்சா உருண்டை நாலைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். எடுத்துக் கட்டலாமே என்பாய். ஒரு தடவை கட்டினேன், கண்ணாடியில் அம்மாதான் நின்றாள். அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன்.

போன ஐப்பசியில் பீரோவைத் திறந்தால் இராமபாணப் பூச்சி! அம்மாவின் கஞ்சி உனக்குத் தெரியும்தானே, புடவையைத் தரையில் நிறுத்தினால் அதுவே நிற்கும். பூச்சிக்கு அந்தக் கஞ்சிதான் விருந்து. மடிப்பு மடிப்பாக அரித்து, பிரித்துப் பிடித்தால் வரிசையாகப் பொத்தல், சின்னப் பிள்ளைகள் காகிதத்தை மடித்துக் கத்தரிப்பார்களே, அதே மாதிரி. தரையில் உட்கார்ந்து அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு, “துடைக்கிற துணிக்கு ஆகும்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது, இரண்டு பேருக்கும்.

எதிர்வீட்டு அஜ்ஜி வந்தது அதற்கு மறுநாள். எழுபத்தெட்டு வயசு, நூல் கோக்க மட்டும் பேத்தியைக் கூப்பிடுவாள், தைப்பது அவளேதான். இந்தப் பக்கம் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒட்டுத்துணி வைத்து, விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வார்கள், ‘கௌதி’ என்று பெயர். வீட்டுக்கு வீடு உண்டு. இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், எத்தனை கொடியில் காய்வதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கிட்டப் போய்த் தொட்டதில்லை. அஜ்ஜி அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்தாள். பிய்ந்து வருகிற இடம் ஒரு பக்கம், தாங்குகிற இடம் ஒரு பக்கம். குதிகால் உரசுகிற கீழ்க்கரையோரம் எல்லாப் புடவையிலும் போயிருந்தது, இடுப்பில் செருகுகிற மேல்பக்கம் நேற்று வாங்கினது மாதிரி இருந்தது. அம்மா எந்தப் பக்கம் எட்டு வைத்து நடந்தாள் என்பதுகூடத் துணியில் தெரிகிறதடி. வலது கால் பக்கம்தான் தேய்மானம் ஜாஸ்தி. இடது முட்டி வலி அவளுக்கு எப்போது ஆரம்பித்தது, ஏன் நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அதன்பிறகு ஒரு வாரம் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பேன், கீழே வைப்பேன். முதல் வெட்டுதான் பாடு. கடைசியில் கத்தரியே வேண்டாம் என்று ஓரத்தில் சின்னதாக நறுக்கிக் கையால் கிழித்தேன், பழைய நூல் துணி நேர்கோட்டில் கிழியும், அந்தச் சத்தம் இருக்கிறதே, ஜவுளிக் கடையில் கெஜம் போட்டுச் சர்ரென்று கிழிப்பானே, அதேதான். மூன்றாவது புடவையில் பயம் போய்விட்டது. ஐந்தாவதில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மெஷினும் அம்மாவுடையதுதான், அந்த மிதி உஷா. பழுது பார்க்க வந்தவன் எடைக்குப் போடச் சொன்னான். அவனை அனுப்பிவிட்டு நானே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தோல் பெல்ட்டை மாற்றி, மெஷின் எண்ணெய் போட்டேன், இப்போது சைக்கிள் மாதிரி ஓடுகிறது. புது மெஷின் ஜிக்ஜாக் போடும், பட்டன் துளை போடும், எல்லாம் போடும், ஆனால் கால் மிதித்துத் தைக்கும்போது ஒரு தையலில்கூட நிறுத்தலாம், அந்த அடக்கம் மோட்டாருக்கு வராது. இதில் என்னோடு சண்டைக்கு வராதே, உன் மோட்டார் மெஷின் பாவாடை நாடாவைத் தின்ற கதை என்னிடம் இருக்கிறது.

கணக்கில் கோட்டைவிட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அக்கா சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. ஆறங்குலச் சதுரம், அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினைந்து, மொத்தம் நூற்றைம்பது. தையலுக்கு இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் போகும், ஆறரைக்கு வெட்டியிருக்க வேண்டும். ஆறுக்கு வெட்டினேன். எட்டாம் வகுப்பில் கத்தரி டீச்சர் தலையில் குட்டிக் குட்டிச் சொன்ன அதே பாடம்! அறுபது அங்குலம் வரவேண்டிய அகலம் ஐம்பத்தைந்தில் நின்றது. படுத்தபடி இருந்தால் சரி, புரண்டால் முதுகு வெளியே. (நீ அந்தத் தையல் நோட்டில் எத்தனை மாதிரியை உன் அத்தையை விட்டுத் தைத்து ஒட்டினாய் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.)

இடையில் என்ன என்ன கண்டுபிடித்தேன் தெரியுமா? அம்மாவின் பட்டன் டப்பா, அந்த மிட்டாய் டின், அதன் அடியில் உள்ளங்கை அளவு சீட்டித் துணி. செம்மண் நிறத்தில் பூ, ஓரம் கறுப்பு. அம்மாவின் சின்ன வயசுப் பாவாடையாக இருக்க வேண்டும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறிப் போன சீட்டிக்கு ஐரோப்பாவே கிறுக்குப் பிடித்து அலைந்திருக்கிறது. தங்கள் நெசவாளிகள் பிழைப்புப் போய்விடும் என்று பிரான்சில் 1686இல் தடையே போட்டார்கள், 1759 வரை எடுக்கவில்லை. இங்கிலாந்திலும் தடை வந்து 1774இல்தான் விலகியது. அப்புறம் அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த சீட்டியைக்கூடத் தூக்கிப்போட மனசில்லாமல் பூவை மட்டும் சுற்றிக் கத்தரித்து, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் போர்வை செய்திருக்கிறார்கள். நானும் அந்த ஒரு பூவை அப்படியே கத்தரித்து நடுவில் வைத்தேன். வேறெதற்கும் அது காணாது.

ஹளியாள் பக்கம் இவருடைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது ‘சித்தி’ என்கிற இனத்துப் பெண்கள் தைத்ததையும் பார்த்தேன், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பரம்பரை, பல தலைமுறையாக இந்தக் காட்டுப்பக்கம் இருக்கிறார்கள். ‘கவந்தி’ என்கிறார்கள். நாம் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுகிறோமே, அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்து, கையில் வந்த துண்டை வைத்து வைத்துச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். அளவு கிடையாது, கோடு கிடையாது. நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த குட்டித் துணி வைப்பார்கள், அதுதான் பூ, அது இல்லாத போர்வை அம்மணமாம். ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு அழுத எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நானும் நாலு மூலையில் பூ வைத்துவிட்டேன்.

கையால் ஓட்டுத்தையல் போட மட்டும் ஐந்து மாசம். தினமும் இரண்டரை மணியிலிருந்து நாலரை வரை. பழைய துணியில் ஊசி வெண்ணெயில் போகிற மாதிரி போகும், எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து வந்த மெது, எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. அந்த இரண்டு மணி நேரம் நான் ஒன்றையும் நினைப்பதில்லை. இல்லை, பொய். அம்மாவோடு சண்டை போடுவேன். நான் நர்சிங் படிக்கிறேன் என்றபோது அவள் ஏன் வாயே திறக்கவில்லை என்பதில் ஆரம்பித்து ஒரு வரிசை தைத்து முடிப்பதற்குள் சமாதானம் ஆகிவிடும், மறுநாள் வேறு வழக்கு.

இனி நடந்த அசிங்கம். அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி ஒன்றும் இருந்தது, கறுஞ்சிவப்பு. இரண்டு பேரும் ஒரே போர்வையில் இருக்கட்டும் என்று அதிலிருந்து எட்டுச் சதுரம் சேர்த்தேன். ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்க்கச் சொல்லி அஜ்ஜி படித்துப் படித்துச் சொன்னாள். ஐம்பது வருஷ லுங்கி, இனி என்ன போகப்போகிறது என்று விட்டேன். முதல் அலசலிலேயே அப்பா எல்லாரையும் ஒரு கை பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்த சந்தன நிறச் சின்னாளப்பட்டி எல்லாம் ரோஸ். உப்புத் தண்ணீர், வினிகர், யார் யாரோ சொன்னதெல்லாம் செய்தேன், வந்த ரோஸ் போகவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு முழுக்க அவர் நிறத்துக்கு மாறிவிடும், நீதான் பார்த்திருக்கிறாயே.

என் மகன் அங்கிருந்து போனில் சிரிக்கிறான். மெட்ராஸ் கட்டத் துணிக்கு இது பரம்பரைக் குணமாம். 1958இல் நம் ஊர்க் கைத்தறி அமெரிக்காவுக்குப் போய், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்று, துவைத்த முதல் நாளே சாயம் ஓடி ஒரே ரகளையாம். அப்புறம் அதையே பெருமையாக்கி, ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்களாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அக்கா வந்தது சாயம் போன மறுவாரம். கொடியில் கிடந்ததைப் பார்த்தாள். “அம்மாவைத் துண்டு துண்டா வெட்டிட்டியே” என்றாள். காபியைக்கூடக் குடிக்காமல் சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டாள். ஏழு வாரம் பேசவில்லை. பூச்சி அரித்ததைக் காட்டியிருக்கலாம், சாட்சிக்கு இரண்டு பொத்தல் துண்டு எடுத்தும் வைத்திருந்தேன், கை போகவில்லை. அவள் பீரோவில் மட்டும் அம்மா முழுசாக இருக்கிறாளா? ஜரிகைப் பட்டு மடித்த மடிப்பிலேயே வெடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது மடிப்பை மாற்றிப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஆனாலும் குண்டூசி, அவள் சொன்னது முள்ளாக நிற்கிறது. ராத்திரி போர்த்திக்கொண்டு படுத்தால் ஒரு நாள் இதமாக இருக்கிறது, ஒரு நாள் திருடின பொருள் மாதிரி இருக்கிறது. அம்மா வாசனை வருகிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாச்சா உருண்டை வாசனைதான் வருகிறது. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பினத்தவர் ஊர், அங்கே 1942இல் மிசௌரி பெட்வே என்கிற பெண் புருஷன் செத்த பிறகு அவர் வேலைக்குப் போட்ட துணிகளையெல்லாம் கிழித்து ஒரு போர்வை தைத்தாளாம், அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள. மகளும் கூட உட்கார்ந்து உதவியிருக்கிறாள். மகன் படம் அனுப்பினான். நீலமும் சாம்பலுமாக, வெயிலில் வெளிறிய இடமெல்லாம் அப்படியே. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அனுப்பலாம் என்று எடுத்து, அனுப்பாமல் வைத்துவிட்டேன், வாதாடுகிற மாதிரி ஆகிவிடும்.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு அவளே போன் செய்தாள். நலம் விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. “அந்த மாம்பழக் கலர், பச்சைக் கரை, அது இருக்கா அதுல?” என்றாள். இருக்கிறது, மூன்றாவது வரிசை, நாலு துண்டு என்றேன். “ம்” என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் நேராக வருகிறேன். கருநீலச் சுங்குடி, வெள்ளைப் புள்ளி, ஆண்டு விழாவுக்கு என்று அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போனது 1983இல். இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பாதி அச்சு, தடவிப் பார்த்தால் வழவழ என்று இருக்கும். அது சௌராஷ்டிரத் தெருவில் வீட்டுப் பெண்கள் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுக் கட்டியது, புள்ளிக்குப் புள்ளி விரலுக்குத் தட்டுப்படும். அம்மா சாகிறவரை கேட்டாள், “குண்டூசி அதைத் திருப்பித் தந்தாளா?” என்று. ஜிகர்தண்டா கொட்டிய கறை இருந்தாலும் பரவாயில்லை, உன் முகத்துக்காக அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

தை மாசம் வரும்போது கையோடு எடுத்து வா, கூரியரில் போடாதே. ஒரு சதுரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், சாயம் போய் ரொம்ப மோசமான ஒன்றைப் பிரித்து எடுத்துவிட்டேன், அந்த இடம் இப்போது பொத்தலாக இருக்கிறது, இவர் விரலை விட்டு விட்டுப் பார்க்கிறார். வெட்ட மனசில்லை என்றால் வெட்ட வேண்டாம், புடவையாகவே வைத்துக்கொள்வோம். நீயே முடிவு செய், இத்தனை வருஷம் உன்னிடம்தானே இருந்தது.

வடகம் போட மாடி ஏறாதே.

உன்,
பாபின்